பிடியில்லாத கப்பும் இல்லாத மாமியாரும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு ஒன்று சொல்கிறேன்: நான் மேடையில் சொன்ன அந்த மாமியார் இந்த உலகத்தில் இல்லை. அவருக்கு வீடு இல்லை, தெரு இல்லை, கோபம் வந்தால் சுருங்குவதற்கு நெற்றிகூட இல்லை. அவரை நான் செய்தேன். பேசுவதற்கு முந்தைய நாள் மாலையில், மணிமுத்தாற்றுப் பாலத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு, வறண்ட மணலைப் பார்த்தபடி வாய்க்குள்ளேயே செய்து முடித்தேன். இதை நம்புவதற்கு விருத்தாசலத்தில் ஓர் ஆள் கிடைக்காததால்தான் வெளியூர்ச் சாட்சியாக உங்களை அழைக்கிறேன். இல்லாத அந்த அம்மையாரால் என் அக்காவின் திருமணம் நின்றுபோக இருந்தது. ஆகவே சாட்சி கவனமாகக் கேட்க வேண்டும். நடுவில் செல்பேசியைத் திறக்கக் கூடாது.

நான் பட்டிமன்றப் பேச்சாளன். மேடைப்பேச்சை முறையாகப் பயின்றவன். மூச்சை எங்கே நிறுத்துவது, கையை எந்தச் சொல்லில் உயர்த்துவது, கைதட்டல் அடங்கும் முன்பு அடுத்த வாக்கியத்தை எப்படிச் செருகுவது என்பதெல்லாம் எனக்குப் பழக்கம். கல்லூரிப் போட்டிகளில் என் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் பேருந்து ஏறி ஊர் திரும்பியவர்கள் உண்டு. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அக்காவுக்கு இதில் பெரிய மதிப்பு கிடையாது. "வூட்ல உப்பு இல்லன்னு சொல்றதுக்குக் கூட 'பெரியோர்களே தாய்மார்களே'ன்னுதான் ஆரம்பிப்பான்" என்பாள். அது அவதூறு. "அவையோரே" என்றுதான் ஆரம்பிப்பேன்.

பட்டிமன்ற மேடை எப்படிப்பட்டது என்பதைச் சாட்சி அறிந்திருக்க வேண்டும். அங்கே மனிதர்கள் நடமாடுவதில்லை. பண்புகள்தான் புடவை கட்டிக்கொண்டு நடமாடும். தாய் என்றால் தியாகம். அவள் பசியோடு படுப்பாள், பிள்ளை கேட்டால் சாப்பிட்டாயிற்று என்பாள். தமிழ்நாட்டு மேடைகளில் இதுவரை படுக்கப்போன தாய்மார்களில் ஒருத்திகூட வயிறு நிறையச் சாப்பிட்டதில்லை. தந்தை என்றால் தோள். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டுவார். இறக்கிவிட்டதாக எந்தப் பேச்சாளரும் சொல்லிக் கேட்டதில்லை. மாமியார் என்றால் கொடுமை, அல்லது எதிரணியாக இருந்தால் இன்னொரு தாய். ஒரே மாமியார், அணி மாறினால் குணம் மாறும். எங்கள் வட்டாரத்தில் ஒரு மூத்த பேச்சாளர் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் விடப்பட்ட தன் பக்கத்து வீட்டு அம்மாவைப் பற்றிச் சொல்லி எல்லா ஊரிலும் ஒரே இடத்தில் கண்ணைத் துடைப்பார். அவர் குடியிருப்பது சேத்தியாத்தோப்பில், இரண்டு பக்கமும் நெல்வயல் உள்ள தனி வீட்டில். அவருக்குப் பக்கத்து வீடே கிடையாது.

நான் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன். ஒருவரைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட்டால் கேட்பவனுக்கு ஒரு சொல்தான் கிடைக்கிறது; ஆள் கிடைப்பதில்லை. ஆளை நிறுத்த வேண்டுமென்றால் அவர் கையில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். அந்தப் பொருளை அவர் யாருக்கு நீட்டுகிறார், யாருக்கு நீட்டவில்லை என்று காட்ட வேண்டும். பிறகு பேச்சாளன் வாயை மூடிக்கொள்ளலாம். மீதியைக் கேட்பவனே பார்த்துக்கொள்வான். இது என் கொள்கை. இதில் இன்றைக்கும் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பங்குனியில் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் ஓர் இடம் அமைந்திருந்தது. மாப்பிள்ளை பள்ளியில் கணக்கு ஆசிரியர். விடை சரியாக வரும்வரை வாய் திறக்காதவர். அவருடைய தாயார் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளி மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒலிவாங்கி இல்லாமல் பேசிப் பழகிய குரல். அவருடைய மூத்த மகனும் மருமகளும் சில வருடம் அவரோடு இருந்துவிட்டு வெளியூரில் தனிக்குடித்தனம் போயிருந்தார்கள். நாங்கள் போய் வீடு பார்த்து வந்தாயிற்று. நிச்சயத்துக்கு மண்டபம் விசாரித்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையோடு செல்பேசியில் பேசத் தொடங்கிய பிறகு அக்கா என்னைத் திட்டுவதைக்கூடப் பாதியாகக் குறைத்திருந்தாள். இதைவிட வலுவான சான்று ஒரு காதலுக்குத் தேவையில்லை.

இந்த நிலையில்தான் அம்மன் கோவில் திருவிழாவில் பட்டிமன்றம் வந்தது. குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் மாமியாரின் பெருந்தன்மையா, மருமகளின் பொறுமையா என்பது தலைப்பு. நான் பொறுமை அணி. எனக்கு முன்னால் பேசியவர் மாமியாரை ஆலமரத்தோடு ஒப்பிட்டார். அவருக்கு முன்னால் எங்கள் அணியில் பேசியவர் மருமகளைப் பூமியோடு ஒப்பிட்டார். ஆக, நான் எழுந்தபோது மேடையில் ஒரு மரமும் அது நிற்பதற்கு நிலமும் தயாராக இருந்தன. மனிதர் ஒருவரும் இல்லை.

நான் சொன்னது இவ்வளவுதான்: "எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாமியார் மருமகளை அடித்ததில்லை. ஒரு சுடுசொல் சொன்னதில்லை. காலையில் எல்லோருக்கும் அவரே டீ போட்டுத் தருவார். மாமனாருக்கு ஒரு கப். மகனுக்கு ஒரு கப். விருந்தாளி வந்தால் ஷோகேஸில் இருந்து பூப்போட்ட கப். மருமகளுக்கு மட்டும் பிடி உடைந்த கப். டீயோ கொதிக்கிறது. அந்தப் பெண் முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். வருடக்கணக்காகக் குடிக்கிறாள். வந்தவர்களிடம் மாமியார் பெருமையாகச் சொல்வார்: 'எம்மருமவ சூடு தாங்குவா.'"

பூப்போட்ட கப்பில் சிரிப்பையும் கடைசி வரியில் மௌனத்தையும் நான் எதிர்பார்த்தேன். பிடி உடைந்த கப் என்றதுமே பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் அடங்கிப்போனது. ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். கைக்குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த பெண் ஆட்டுவதை நிறுத்தினார். மௌனம் கேட்டதற்கு மேலாகக் கிடைக்கும்போது எந்தப் பேச்சாளனும் காரணம் கேட்பதில்லை; கும்பிட்டுவிட்டு உட்காருவான். உட்கார்ந்தேன். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "தம்பி நம்மளக் கலங்க வச்சிட்டாரு" என்றார். பிறகு, பெருந்தன்மையும் பொறுமையும் இரண்டு கண்கள் என்று தீர்ப்பு வழங்கினார். நடுவர்களுக்குக் கண்கள் எப்போதும் இரண்டுதான். எதையும் பார்ப்பதற்கு அவை பயன்படுவதில்லை.

மறுநாள் காலையில் என் பேச்சின் அந்தப் பகுதியை யாரோ வெட்டி, பின்னணியில் சோகமாகப் புல்லாங்குழல் சேர்த்து, வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். ஊர் முழுக்க ஸ்டேட்டஸில் நான் ஓடினேன். முற்பகலுக்குள் புகழ் வீட்டுக்கு வரத் தொடங்கியது. முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு அத்தை. அவருக்குப் பின்னால் அவர் மருமகள்.

"ஏன் தம்பி, நீ சின்னப் புள்ளையா இருக்கச்சொல்ல எத்தன நாளு எங்க வூட்ல டீ குடிச்சிருப்ப?"

"நிறைய நாள், அத்தை."

"அதுக்கு இதான் மரியாதையா? அந்தக் கப்புல குடிக்கச் சொல்லி நானா சொன்னேன்? அவளுக்குப் புடிச்சிருக்குது, குடிக்கிறா. கேட்டுப் பாரு."

நான் கேட்கவில்லை. அந்த மருமகள் எங்கள் வாசற்படியின் சிமெண்டு வெடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிடித்தமான கப் உள்ளவர்கள் அப்படிப் பார்ப்பதில்லை.

அடுத்து, சேத்தியாத்தோப்பிலிருந்து அப்பாவின் தூரத்து உறவில் ஒரு பெரியம்மா செல்பேசியில் வந்தார். "எங்க வூட்டு விஷயத்த ஒனக்கு யாரு சொன்னது?" என்பதோடு தொடங்கி அதோடே வைத்துவிட்டார். அம்மாவோடு கோவிலுக்குப் போகும் தோழி, இரவல் வாங்கிப்போன இட்லிக் குண்டானைச் சுவரோரம் வைத்துவிட்டு, வணக்கம் சொல்லாமல் போனார். பேருந்து நிலையத்து டீக்கடைக்காரர் மட்டும்தான் மகிழ்ச்சியாக இருந்தார். "எங்க கடைல எந்த கிளாஸுக்கும் பிடி கெடையாது தம்பி. எம்மேலயும் பட்டிமன்றம் போடுவியா?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரிப்பதற்காகவே கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

என்ன நடந்தது என்பது எனக்கு மெல்ல விளங்கியது. வேறு எந்த ஊரில் சொல்லியிருந்தாலும் பிடி உடைந்த கப் என்பது ஒரு வீட்டின் தனி அடையாளம். எங்கள் ஊரில் சுற்றிலும் செராமிக் தொழிற்கூடங்கள். சூளையிலிருந்து கோணலாக வந்தது, மெருகில் புள்ளி விழுந்தது, பிடி ஒட்டாமல் வந்தது, எல்லாவற்றையும் செகண்ட்ஸ் என்று கூடையோடு அள்ளி விற்றுவிடுவார்கள். ஆகவே விருத்தாசலத்தில் பிடியில்லாத கப் இல்லாத அடுப்படி கிடையாது. ஒரு வீட்டில் அதில் கல்லுப்பு இருக்கும், இன்னொரு வீட்டில் உறைமோர் இருக்கும், மூன்றாவது வீட்டில் மருமகளின் டீ இருக்கும். ஒரே ஒரு பெண்ணை உருவாக்குவதற்காக நான் தேடிப்பிடித்த நுணுக்கம் ஊரின் பொதுச்சொத்தாக இருந்துவிட்டது. கண்ணெதிரே கிடப்பதைத்தான் கற்பனை எடுத்துக் கொடுக்கும். எங்கிருந்து எடுத்தேன் என்று ரசீது தராது.

அம்மா இட்லிக் குண்டானை உள்ளே எடுத்துவைத்தபடி, "ஊருல இருக்கற அத்தன மாமியாரயும் ஒரு கப்புல அடச்சிட்ட" என்றார். நான் இதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். மேடையில் கொடுமைக்காரி என்ற சொல்லைப் பல பேர் பல வருடமாக முழங்கியிருக்கிறார்கள். ஒரு மாமியார்கூட எழுந்து வந்து சண்டை போட்டதில்லை. அந்தச் சொல் தன்னைக் குறிப்பதாக யாருமே நினைப்பதில்லை.

நான் இப்படி மகிழ்ந்துகொண்டிருந்த அன்று மாலையிலேயே ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அழைப்பு வந்தது. அம்மா செல்பேசியின் ஒலிபெருக்கியை அழுத்தினார். மாப்பிள்ளையின் தாயார் குரலுக்கு அது தேவைப்படவில்லை.

"சம்மந்தி, அன்னிக்கி ஒங்க புள்ள கையலம்ப எங்க அடுப்படிக்குப் போனாரில்ல?"

"போனான். ஏங்க?"

"ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கெழம அவரையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல பேசிட்டு, மேற்கொண்டு மண்டபம் பாக்கறதா வாணாமான்னு முடிவு பண்ணிக்குவோம்."

அம்மா செல்பேசியை மேசையில் வைத்தார். அக்கா கதவருகே நின்றிருந்தாள். மாப்பிள்ளையிடம் பேசிப் பார்த்தாளாம். அவர், "அம்மா பேசிக்கட்டும்" என்றாராம். கணக்கு ஆசிரியர், விடை இன்னும் வரவில்லை.

"அது கற்பனை என்று நான் விளக்கிவிடுகிறேன்" என்றேன்.

"நீ விளக்கவே வாணாம். பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வா."

"கற்பனை வேறு, பொய் வேறு."

"ரெண்டுக்கும் என்னா வித்தியாசம்?"

"பொய் ஒருவரை ஏமாற்றும். கற்பனை யாரையும் ஏமாற்றாது."

"ஊரே ஏமாந்து வாசல்ல வந்து நிக்குது" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "இத பாரு, எனக்கு இந்த எடந்தான் வேணும். நீ அங்க போயி மைக்கு புடிச்சேன்னா, திரும்பி வந்து நீயே ஒரு அக்காவக் கற்பன பண்ணிக்க" என்றாள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மறுப்புரைகளில் அது ஒன்றைத்தான் நான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தனியார் பேருந்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் போனோம். பாட்டுச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியிருக்கவில்லை. அப்பா வழிநெடுக ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் வெற்றிகளை அலுவலகத்தில் சொல்லி மகிழ்பவர் அவர். அன்று என் பக்கம் திரும்பவில்லை.

அந்த வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளையின் தாயார், அவருடைய அண்ணன், அண்ணனின் மனைவி மூவரும் இருந்தார்கள். ஸ்டாண்டு ஃபேன் அண்ணன் பக்கம் திரும்பியிருந்தது. மாப்பிள்ளை நிலைப்படியில் சாய்ந்து நின்றார். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எங்களுக்கு டீ வந்தது. எவர்சில்வர் டம்ளரில் வந்தது. முன்பு வந்தபோது ஷோகேஸில் அணிவகுத்திருந்த கப்புகளில் ஒன்றையும் காணவில்லை; எல்லாம் தலைமறைவாகியிருந்தன.

நாங்கள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்த அந்த அம்மாள் உள்ளே போய் ஒரு கப்பை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். பிடியில்லை. உள்ளே துணி துவைக்கும் பவுடர்.

"இதான தம்பி நீங்க பாத்தது?"

"இல்லை, அத்தை. இதை இப்போதுதான் பார்க்கிறேன்."

"கொழா பக்கத்துலயேதான் இருக்குது. கையலம்புனவரு கண்ணுல படாதா?"

படவில்லை. அதுதான் உண்மை, ஆனால் அந்தக் கூடத்தில் உண்மைக்குச் சாட்சி இல்லை. (நீங்கள் அப்போது இல்லை, வாசகரே.) ஆகவே நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கதைமாந்தர் எப்படி உருவாகிறார் என்பதை விளக்கினேன். கருத்து ஓரிடத்திலிருந்து வருகிறது, முகம் வேறிடத்திலிருந்து வருகிறது, இரண்டையும் இணைப்பது ஒரு சிறு பொருள். கொடுமைக்காரி என்று நான் சொல்லியிருந்தால் அது என் தீர்ப்பு. கப்பைக் காட்டினால் அது சான்று மட்டுமே. சான்றைக் கொடுத்துவிட்டு, தீர்ப்பைக் கேட்பவர்களிடமே விட்டுவிடுவதுதான் இலக்கிய நாகரிகம். இதை ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். சொன்ன விதத்தில் குறையே இல்லை.

அண்ணன் தலையாட்டியபடி கேட்டார். அவர் வானொலிக் காலத்திலிருந்து பட்டிமன்றம் கேட்பவராம்.

"நல்லா சொன்ன தம்பி. அப்படி விட்டதுல எல்லாரும் தீர்ப்பு எழுதிட்டாங்க. எந்தங்கச்சிதான் அதுன்னு எழுதிட்டாங்க. அதான் ஒன்னக் கூப்புட்டோம்."

"நான் யாரையும் குறிப்பிடவில்லையே, மாமா."

"அட, மாமியாருங்கல்லாம் ராட்சசிங்கன்னு பொதுவா பேசிட்டுப் போயிருந்தா நாங்களும் சிரிச்சிட்டுப் போயிருப்போம். கப்ப ஏன் சொன்ன?"

மேடைக்கலையைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு வாக்கியத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. எல்லோரையும் திட்டலாம், ஒருவரைக் காட்டக் கூடாது. எங்கள் நாட்டில் பேச்சாளர்கள் பெருகியதற்கும் யாரும் அவர்களை அடிக்காததற்கும் இதுவே காரணம்.

அண்ணனின் மனைவி, "ஆளு இல்லாம எப்படிங்க அவ்ளோ அச்சு அசலா சொல்ல முடியும்? முந்தானிய மடிச்சிப் புடிச்சிதுன்னு கூடச் சொன்னாரே" என்றார். ஓர் எழுத்தாளனுக்குக் கிடைக்கக்கூடிய உச்சகட்டப் புகழுரை குற்றச்சாட்டாக வந்து விழுந்தது. நன்றி சொல்ல வாய் எடுத்தேன். அம்மா என் முழங்காலில் கிள்ளினார்.

அப்போது மாப்பிள்ளையின் தாயார் குரல் இறங்கியது. மைதானத்துக் குரல் இல்லை; வேறு குரல்.

"ஊருல என்னா பேசறாங்கன்றது போவட்டும் தம்பி. ஒங்க அக்கா அதப் பாத்திருக்குமில்ல? நாளைக்கு அந்தப் பொண்ணு இந்த வூட்டுக்கு வரும். நான் மொதல்ல ஒரு டீ போட்டுக் குடுப்பேன். அது என் மூஞ்சியப் பாக்குமா, கப்பப் பாக்குமா? எந்தக் கப்புல குடுத்தாலும், இவங்க ஏன் இதுல குடுத்தாங்கன்னுதான நெனைக்கும்? அது தெனமும் அப்படிப் பாத்துக்கினு இருக்கும்னா, எதுக்கு இந்தக் கல்யாணம்?"

நிலைப்படியில் மாப்பிள்ளை அசைந்தார். அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒரு விவரம் கேட்பவர் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்று நான் சற்றுமுன்தான் பெருமிதத்தோடு விளக்கியிருந்தேன். அது இறங்கிய இடத்திலிருந்து எப்படித் திரும்ப எடுப்பது என்பது எந்தப் பயிற்சியிலும் வந்ததில்லை. மேடை ஏறிய நாளிலிருந்து முதன்முறையாக என்னிடம் அடுத்த வாக்கியம் இல்லை. அக்காவின் திருமணம் அந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தது.

"அது எங்க வூட்டுக் கப்புங்க" என்றார் அம்மா.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அதிகமாகப் பார்த்தவன் நான்தான்.

"எங்க அலமாரிலதான் இருக்குது. இவன் அதப் பாத்துட்டுதான் சொல்லியிருக்கான். கற்பன, கிற்பனன்னு மழுப்பறான்."

அண்ணன் விடவில்லை. பட்டிமன்றம் கேட்பவர் அல்லவா? "ஒங்களுக்குத்தான் மருமவளே இல்லியேம்மா. யாரு குடிக்கறா அதுல?"

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார்.

"வரப்போறவளுக்குன்னு எடுத்து வச்சிருக்கேங்க."

முதலில் அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவர் மனைவி முதுகைத் தட்ட வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை நிலைப்படியை விட்டு உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"பொண்ணு குடுக்கறவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க சம்மந்தி."

"சொல்லத் தேவையில்லீங்க. இவம் பேசறத ஒரு நாளு கேட்டா, அதுவே கப்ப எடுத்து இவம்மேல போடும்."

சம்மந்தி என்ற சொல் அந்தக் கூடத்தில் மறுபடி கேட்டது என்பதை அப்பாவும் கவனித்தார். ஜன்னல் கம்பி இல்லாததால் என் தோளைப் பிடித்துக்கொண்டார். சாட்சியாகிய நீங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: என் தாய் சொன்னது கடைந்தெடுத்த பொய். எங்கள் அலமாரியில் அப்படி ஒரு கப் கிடையாது. எங்களுடையதில் உறைமோர்தான் இருக்கும், அதுவும் அடுப்பு மேடையில் இருக்கும். அவர் என்னுடைய மாமியாரை, என்னுடைய கப்போடு, என் அனுமதியின்றி எடுத்து அணிந்துகொண்டார். இன்னும் வராத ஒரு மருமகளுக்காகக் கப்பைப் பாதுகாக்கும் பெண் என்ற ஒரே ஒரு விவரத்தைச் சேர்த்தார். அவ்வளவுதான், கொடுமைக்காரி கோமாளியாகிவிட்டார், பயம் சிரிப்பாகிவிட்டது. உத்தி என்னுடையது. கைதட்டல் அவருக்கு. மேடையுலகில் இதற்குத் திருட்டு என்று பெயர். வீட்டில் இதற்கு வேறு பெயர் இருக்கலாம்.

சிரித்து முடித்த பிறகு மாப்பிள்ளையின் தாயார் கப்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். அவர் விட்டுக்கொடுப்பவர் அல்லர்.

"சரி, நிச்சயத்துக்கு மண்டபம் பாருங்க. ஆனா தம்பி, ஒண்ணு. ஸ்ரீமுஷ்ணம் பூரா அது நாந்தான்னு ஆயிப்போச்சு. அதுக்கு ஒரு பரிகாரம் வேணும். அடுத்த மேடைல என்னப் பத்தி நல்லவிதமா சொல்லணும். பேரெல்லாம் வாணாம். எங்கக்காவோட மாமியாருன்னு சொன்னாப் போதும்."

"என்ன சொல்லட்டும், அத்தை?"

அண்ணன் முந்திக்கொண்டார். "தங்கமானவங்கன்னு சொல்லு."

"பொறுமையில பூமாதேவின்னு சொல்லுங்க" என்றார் அவர் மனைவி.

"வாரி வழங்கற கைன்னு சேத்துக்க" என்றார் அண்ணன் மறுபடியும்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் விடை அதுதான்: "கோவில் கோபுரம் மாதிரின்னு சொல்லலாம்."

பெற்ற மகன். இருபத்தைந்து முப்பது வருடம் அந்தத் தாயின் கையால் சாப்பிட்டவர். அவர் கண்ணில் பட்டது கோபுரம்! அந்த வீட்டார் மூவரும் தங்கள் வீட்டுப் பெண்மணியைத் தேடிப் பிடித்து ஒரு கல்யாண வாழ்த்துமடலுக்குள் ஒளித்துவைக்கப் பார்த்தார்கள். அதை நான் மேடையில் சொன்னால் கேட்பவர்கள் கைதட்டுவார்கள். வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவரை மறந்துவிடுவார்கள். அவரும் அதைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டிருந்தார். ஆனால் அவர் முகத்தில் பெரிய மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. பிடியில்லாத கப்பைக் கேட்டபோது அது தானோ என்று பதறியவர், கோபுரம் என்றதும் அது தானென்று நம்பியதாகத் தெரியவில்லை.

நான் எழுந்து நின்றேன். அம்மாவின் கை மறுபடியும் என் முழங்காலைத் தேடியது. எட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டேன். ஒலிவாங்கி இல்லை, கைதட்ட ஆளில்லை. இருந்தாலும் மேடைத்தமிழிலேயே, கூடத்தில் இருந்த எல்லோரும் கேட்கும்படி, அவருக்கு வாக்குக் கொடுத்தேன்:

"சொல்கிறேன், அத்தை. தங்கம், பூமி, கோபுரம் எதுவும் அதில் வராது. எங்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போதே, சட்டை நனைய உட்கார்ந்திருந்த எங்கள் அப்பாவின் பக்கம் ஸ்டாண்டு ஃபேனைக் காலால் திருப்பிவிட்டீர்கள். உங்கள் அண்ணனுக்குக் காற்று நின்றுபோனதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அதை மட்டும் சொல்வேன். கேட்ட கேள்விகளையும் ஒன்று விடாமல் சேர்த்தே சொல்வேன்."